காண்டாக்ட் லென்ஸ் பில்லும் விஷன் காப்பீடும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவுக்கு வந்த ஐந்தாவது மாதம் கண் பரிசோதனைக்குப் போனேன். முக்கால் மணி நேர வேலை. காண்டாக்ட் லென்ஸைக் கண்ணுக்குப் பொருத்திப் பார்க்கும் ஃபிட்டிங் கட்டணம் 120 டாலர் என்றார்கள். கவுன்ட்டரிலேயே கார்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்து 212 டாலருக்கு இன்னொரு பில் தபாலில் வந்தது. விஷன் காப்பீடு இருந்தால் பத்து டாலரோடு முடிந்துவிடும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். பில் என்று ஒரு காகிதம் வந்தால் கட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்க்க வேண்டும் என்று வளர்ந்தவன் நான். அன்று இரவே கட்டிவிட்டேன். உண்மையில் நான் கட்ட வேண்டியிருந்தது மொத்தம் 70 டாலர். மீதி 262 டாலரைத் திரும்ப வாங்க நான்கு மாதமும் பதினொரு தொலைபேசி அழைப்புகளும் தேவைப்பட்டன. உங்களுக்கு அந்தப் பதினொன்று வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. பில்லை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்

கண்ணாடிக் கடையில் ஒரே கவுன்ட்டரில் பணம் வாங்குவதால் எல்லாம் ஒரே செலவு போலத் தெரியும். அப்படி இல்லை.

முதலாவது, கண் பரிசோதனை. புதிய நோயாளி என்றால் பெரும்பாலும் 92004, பழைய நோயாளி என்றால் 92014 என்ற எண் பில்லில் இருக்கும். பவர் பார்ப்பதற்கு 92015 என்று தனி எண் உண்டு; பல மெடிக்கல் காப்பீடுகள் அதற்குப் பணம் தராது.

இரண்டாவது, காண்டாக்ட் லென்ஸ் ஃபிட்டிங். எண் 92310. கருவிழியின் வளைவை அளந்து, சோதனை லென்ஸ் போட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி வரச்சொல்லும் வேலைக்கான கட்டணம் இது. கண்ணாடி மட்டும் போடுபவர்களுக்கு இது கிடையாது. பரிசோதனைக் கட்டணத்துக்குள் இதுவும் அடக்கம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

மூன்றாவது, லென்ஸ் பெட்டிகள். சாதாரண மென் லென்ஸ் வி2520, சிலிண்டர் பவருக்கான டோரிக் லென்ஸ் வி2521 என்று வரும்.

இந்த மூன்றுக்கும் உங்கள் காப்பீட்டில் மூன்று தனி விதிகள் உண்டு. பரிசோதனைக்கு ஒரு கோபே (நீங்கள் கட்ட வேண்டிய நிலையான தொகை), ஃபிட்டிங்குக்கு இன்னொரு கோபே அல்லது ஓர் உச்சவரம்பு, லென்ஸுக்கு ஓர் ஆண்டு அலவன்ஸ் (காப்பீடு தரும் அதிகபட்சத் தொகை). எதைப் பற்றித் தகராறு என்று முதலில் தெரிந்தால்தான் யாரிடம் பேச வேண்டும் என்பது தெரியும்.

2. அப்பாயின்ட்மென்டுக்கு முன்பே கேளுங்கள்

உங்களிடம் இரண்டு காப்பீடுகள் இருக்கும்: மெடிக்கல் ஒன்று, விஷன் ஒன்று. கம்பெனிகளும் பெரும்பாலும் வேறு வேறு. பவர் பார்க்க, கண்ணாடி மாற்ற, லென்ஸ் வாங்க என்றால் விஷன். கண் சிவப்பு, வலி, நீரழுத்தம், சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு என்றால் மெடிக்கல். மெடிக்கலில் டிடக்டிபிள் என்ற முதல் சுமை, அதாவது காப்பீடு தரத் தொடங்கும் முன் நீங்களே கட்டி முடிக்க வேண்டிய தொகை, இருப்பதால் அந்தப் பக்கம் போகும் பில் அப்படியே உங்கள் தலையில் விழ வாய்ப்பு அதிகம். என் 212 டாலர் அப்படி விழுந்ததுதான்.

விஷன் காப்பீட்டுக்கு ஓர் அழைப்பு போடுங்கள். கேட்க வேண்டியவை இவை:

இந்த டாக்டர் என் திட்டத்தின் நெட்வொர்க்கில், அதாவது காப்பீட்டோடு ஒப்பந்தம் செய்தவர்களின் பட்டியலில், இருக்கிறாரா? கடை நெட்வொர்க்கில் இருந்து, அதற்குள் உட்கார்ந்திருக்கும் டாக்டர் இல்லாமல் போவது உண்டு. இருவரும் தனி வியாபாரம்.

ஃபிட்டிங்குக்கு நான் அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும்? ‘ஸ்டாண்டர்ட்’, ‘பிரீமியம்’ என்று இரண்டு வகை இருந்தால் டோரிக், மல்ட்டிஃபோகல் (தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் பவர் உள்ள லென்ஸ்) எதில் சேரும்?

லென்ஸ் அலவன்ஸ் எவ்வளவு? கண்ணாடி வாங்கினால் அது போய்விடுமா? பெரும்பாலான திட்டங்களில் ஓராண்டுக்குக் கண்ணாடி அல்லது லென்ஸ், இரண்டில் ஒன்றுதான். ஜனவரியில் ஆசைப்பட்டு ஃபிரேம் வாங்கிவிட்டு மார்ச்சில் லென்ஸ் அலவன்ஸைத் தேடிய நண்பர்கள் எனக்கு இருவர்.

‘ஓராண்டு’ என்பது காலண்டர் ஆண்டா, கடைசியாகப் பயன்படுத்திய தேதியிலிருந்து பன்னிரண்டு மாதமா? ஒரு வாரம் முன்னால் போய் மொத்தத்தையும் கைக்காசில் கட்ட நேரிடலாம்.

பேசியவர் பெயர், தேதி, அழைப்பு எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் முதல் இரண்டு அழைப்புகளில் குறிக்கவில்லை. மூன்றாவது அழைப்பில் “அப்படி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், சார்” என்றார்கள். எதிர்த்துப் பேச என் கையில் ஒன்றுமில்லை.

பிறகு டாக்டர் அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு: “வழக்கமான கண் பரிசோதனையும் காண்டாக்ட் லென்ஸ் ஃபிட்டிங்கும், விஷன் காப்பீட்டுக்கு அனுப்புங்கள்” என்று சொல்லிப் பதியச் சொல்லுங்கள். ஃபிட்டிங் கட்டணத்தை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள்.

3. பரிசோதனை நாற்காலியில்

என் கதை இங்கேதான் கெட்டது. “வேறு ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று டாக்டர் கேட்டார். சாயங்காலமானால் கண் உலர்ந்த மாதிரி இருக்கிறது என்றேன். எட்டு மணி நேரம் திரையைப் பார்க்கும் யாரும் சொல்லக்கூடியது அது. அவர் தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். சொட்டு மருந்து எழுதவில்லை, தனியாக எதையும் சோதிக்கவில்லை. ஆனால் பில்லில் முதல் நோய்க்குறியாக எச்04.123 ஏறிவிட்டது, இரு கண் உலர்வு என்று பொருள். கிட்டப்பார்வைக்கான எச்52.13 இரண்டாவது வரிக்கு இறங்கியது. முதல் வரியில் நோய் என்று வந்ததும் கிளெய்ம் (காப்பீட்டிடம் பணம் கேட்கும் விண்ணப்பம்) மெடிக்கலுக்குப் போய்விட்டது.

இதற்காகக் கண்ணில் உள்ள கோளாறை மறைக்காதீர்கள், அது முட்டாள்தனம். சொல்லுங்கள், கூடவே கேளுங்கள்: “இதைச் சொன்னதால் இன்றைய பரிசோதனை மெடிக்கலுக்குப் போகுமா? போகுமென்றால் அதற்குத் தனியாக ஒரு நாள் வரலாமா?” டாக்டர் உண்மையிலேயே கண் உலர்வைச் சோதித்து மருந்து எழுதியிருந்தால் மெடிக்கல் பில் நியாயமானது; அதை மாற்றி எழுதச் சொல்லி நச்சரிப்பது தவறு. சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வழக்கு.

ஊரில் போட்டுக்கொண்டிருந்த லென்ஸின் பெட்டியையோ அலுமினியத் தாள் மூடியையோ எடுத்துப் போங்கள். பிராண்டு, வளைவு, விட்டம், பவர் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். முதல் முறை லென்ஸ் போடுபவர் என்று கணக்கிட்டால் போடவும் கழற்றவும் கற்றுக்கொடுக்கும் நேரத்தையும் சேர்த்துக் கட்டணம் ஏறும். ஊரில் டாக்டர் எழுதிய பவர் சீட்டைக் காட்டி இங்கே கடையில் லென்ஸ் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையை மட்டும் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

4. சீட்டைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்

கண்ணாடிக்கான சீட்டும் லென்ஸுக்கான சீட்டும் வேறு. கண்ணாடிச் சீட்டு பரிசோதனை முடிந்த உடனே கிடைக்க வேண்டும். லென்ஸ் சீட்டு ஃபிட்டிங் முடிந்த பிறகு. சோதனை லென்ஸோடு ஒரு வாரம் பார்த்துவிட்டு வரச் சொன்னால் அதுவரை ஃபிட்டிங் முடியவில்லை என்று பொருள். மறுபடி போகாமல் விட்டுவிட்டால் சீட்டும் வராது, கட்டிய ஃபிட்டிங் பணமும் வீண்.

நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் (எஃப்.டி.சி.) காண்டாக்ட் லென்ஸ் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. நீங்கள் கேட்காமலேயே சீட்டைத் தர வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் கூடாது. எங்களிடம்தான் லென்ஸ் வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. பின்னால் இன்னொரு பிரதி கேட்டால் 40 அலுவலக மணி நேரத்துக்குள் தர வேண்டும். மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 50,000 டாலருக்கு மேல் அபராதம் விதிக்க இடமுண்டு. கவுன்ட்டரில் இருப்பவரிடம் அபராதத்தைச் சொல்லி மிரட்ட வேண்டாம்; “எஃப்.டி.சி. விதிப்படி என் பிரதி வேண்டும்” என்று ஒரு வரி சொன்னால் பிரின்ட்டர் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

ஒரு பொறி. சீட்டு பெற்றுக்கொண்டேன் என்று உங்கள் கையெழுத்தைக் கேட்பார்கள்; அந்தப் பதிவை அவர்கள் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சின்னத் திரையில் வரிசையாக நான்கு கையெழுத்துப் போடச் சொல்லும்போது இதுவும் அதில் ஒன்றாக ஓடிவிடும். சீட்டு கைக்கு வந்த பிறகு போடுங்கள்.

இன்னொரு பொறி பிராண்டு பெயர். சில சங்கிலிக் கடைகள் தங்கள் பெயரில் மட்டும் விற்கும் லென்ஸை எழுதிக் கொடுப்பார்கள். அந்தப் பெயரை வைத்து வேறெங்கும் வாங்க முடியாது. அதே லென்ஸ் பொதுப் பெயரில் கிடைக்கிறது என்றால், தயாரிப்பாளர் பெயரோடு அந்தப் பொதுப் பெயரையும் சீட்டில் எழுத வேண்டும் என்பது விதி. அங்கேயே படித்துப் பாருங்கள்.

காலாவதித் தேதியையும் பாருங்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் ஓராண்டுக்குக் குறைவாக எழுதக் கூடாது.

5. லென்ஸ் விலை: ஓராண்டுக் கணக்கு போடுங்கள்

பெட்டி விலையை மட்டும் பார்த்து ஏமாறுவது எளிது. மாத லென்ஸ் என்றால் ஆறு கொண்ட பெட்டி கண்ணுக்கு இரண்டு, ஓராண்டுக்கு நான்கு. இரண்டு வார லென்ஸ் என்றால் கண்ணுக்கு நான்கு பெட்டியும் சில்லறையும். தினசரி லென்ஸுக்கு இரு கண்ணுக்கும் சேர்த்து 730 லென்ஸ்; 90 கொண்ட பெட்டிகளாக எட்டு வாங்கினால் 720. சில நாள் கண்ணாடி போட்டு ஒப்பேற்றிவிடலாம்.

என் கணக்கையே தருகிறேன். டாக்டர் கடையில் என் டோரிக் மாத லென்ஸ் பெட்டி 72 டாலர், நான்குக்கு 288. அலவன்ஸ் 150 கழித்தால் 138. இணையக் கடையில் பெட்டி 58, நான்குக்கு 232. அந்தக் கடை நெட்வொர்க்கில் இல்லை. அதனால் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு ரசீதை அனுப்பினால் 105 டாலர்தான் திரும்ப வரும். கையிலிருந்து போவது 127. பெட்டிக்கு 14 டாலர் மலிவு என்று துள்ளிக் குதித்தவனுக்கு ஓராண்டில் மிச்சம் 11 டாலர். அதற்குப் படிவம் நிரப்பி, ரசீதை ஸ்கேன் செய்து, ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். உங்கள் கணக்கு தலைகீழாக இருக்கலாம். நெட்வொர்க் இல்லாத கடைக்கும் முழு அலவன்ஸ் தரும் திட்டங்களும் உண்டு. போட்டுப் பாருங்கள். விஷன் காப்பீட்டை நேரடியாக ஏற்கும் இணையக் கடைகளும் இருக்கின்றன. உங்கள் திட்டத்தின் தளத்தில் பட்டியல் கிடைக்கும்.

தயாரிப்பாளர் தரும் ரிபேட்டை (வாங்கிய பிறகு திரும்பக் கிடைக்கும் தள்ளுபடி) பெரும்பாலும் ஓராண்டுக்கான பெட்டிகளை ஒன்றாக வாங்கினால்தான் தருவார்கள். கெடு சில வாரங்களே. பெட்டியின் பட்டைக்கோடு கேட்பார்கள், அதனால் பெட்டிகளைக் குப்பையில் போடாதீர்கள். பிரிக்காத பெட்டிகளைப் பவர் மாறினால் மாற்றித் தருவார்களா என்றும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

வேறு இடத்தில் ஆர்டர் செய்யும்போது விற்பவர் உங்கள் டாக்டரிடம் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். டாக்டர் 8 அலுவலக மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் சரிபார்த்ததாகவே கொள்ளப்படும். சீட்டின் படத்தை நீங்களே ஏற்றிவிட்டால் இந்தக் காத்திருப்பும் இல்லை. கடைசி லென்ஸைப் போட்டுக்கொண்டு ஆர்டர் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க.

வரி பிடிக்காமல் மருத்துவச் செலவுக்கென்று ஒதுக்கும் எஃப்.எஸ்.ஏ. அல்லது எச்.எஸ்.ஏ. கணக்கு இருந்தால் லென்ஸ், கழுவும் திரவம், ஃபிட்டிங் மூன்றையும் அதில் கட்டலாம். காப்பீடு திருப்பித் தந்த தொகையை மறுபடி அதில் கோரக் கூடாது.

கெரட்டோகோனஸ் (கருவிழி கூம்பாகப் புடைக்கும் நோய்) போன்ற காரணத்தால் கண்ணாடி உதவாது, லென்ஸ்தான் வேண்டும் என்றால் மேலே சொன்ன அலவன்ஸ் கணக்கை மறந்துவிடுங்கள். ‘மருத்துவத் தேவை’ என்ற தனிப் பிரிவு பல திட்டங்களில் உண்டு; டாக்டர் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

6. பில் வந்ததும் பணம் கட்டாதீர்கள்

காப்பீட்டுக் கம்பெனி ஈ.ஓ.பி. என்று ஒரு விளக்கத்தாள் அனுப்பும். ‘இது பில் அல்ல’ என்று அதன் தலையிலேயே இருக்கும். டாக்டர் கேட்டது எவ்வளவு, ஒப்பந்தத் தொகை எவ்வளவு, காப்பீடு தந்தது எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று அதில் வரிவரியாக இருக்கும். டாக்டர் பில்லில் உள்ள தொகையும் ஈ.ஓ.பி.யில் உங்கள் பங்கும் ஒன்றாக இருந்தால் மட்டும் கட்டுங்கள்.

எனக்கு விஷன் காப்பீட்டிடமிருந்து ஈ.ஓ.பி.யே வரவில்லை. வராததை யார் தேடுவார்கள்? இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது: விஷனுக்குக் கிளெய்மே போகவில்லை. ஃபிட்டிங்கும் போகவில்லை. என் திட்டத்தில் நெட்வொர்க் டாக்டரிடம் ஃபிட்டிங்குக்கு உச்சவரம்பு 60 டாலர்; அவர்கள் தங்கள் விலைப்பட்டியல்படி 120 வாங்கியிருந்தார்கள்.

7. தகராறைத் தொடங்குவது

முதலில் டாக்டர் அலுவலகத்தில் எண்களோடு கூடிய விரிவான பில்லைக் கேளுங்கள். ‘கண் சேவை, 212’ என்று ஒரு வரியில் இருப்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அன்றைய பரிசோதனைக் குறிப்புகளின் பிரதியையும் கேளுங்கள். மருத்துவப் பதிவுகள் பற்றிய ஹிப்பா சட்டப்படி 30 நாளுக்குள் தர வேண்டும். என் குறிப்பில் ‘வந்த காரணம்: லென்ஸ் புதுப்பித்தல்’ என்று தெளிவாக இருந்தது. கண் உலர்வுக்கு எந்தச் சிகிச்சையும் எழுதப்படவில்லை. வழக்கைத் திருப்பியது அந்த ஒரு தாள்தான்.

வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் சண்டை போட்டுப் பயனில்லை. “பில்லிங் பார்ப்பவர் யார், அவருடைய மின்னஞ்சல் என்ன?” என்று கேளுங்கள். பல இடங்களில் பில்லிங் வேறு ஊரில், வேறு கம்பெனியில் நடக்கும். அவருக்கு எழுதும் கடிதம் அரைப் பக்கம் போதும்: பரிசோதனைத் தேதி, உங்கள் இரண்டு காப்பீட்டு எண்கள், எந்த வரி தவறு, ஏன் தவறு, என்ன வேண்டும். நான் கேட்டவை மூன்று. மெடிக்கல் கிளெய்மைத் திரும்பப் பெற்று, குறிப்பில் உள்ள காரணத்தின்படி விஷனுக்கு அனுப்புங்கள், ஃபிட்டிங்கையும் அனுப்புங்கள், கூடுதலாக வாங்கியதைத் திருப்புங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். மெடிக்கல் கிளெய்ம் நிற்கும்போதே விஷனுக்கு அனுப்பினால் இரட்டைக் கிளெய்ம் என்று நிராகரித்துவிடுவார்கள். எனக்கு ஒரு மாதம் அப்படித்தான் போனது.

“கிளெய்ம் அனுப்பும் கெடு தாண்டிவிட்டது, நீங்கள்தான் கட்ட வேண்டும்” என்று சொன்னால் உடனே நம்ப வேண்டாம். நெட்வொர்க் டாக்டர் தாமதமாக அனுப்பினால் அந்தச் சுமையை நோயாளி மேல் ஏற்றக் கூடாது என்பதே பெரும்பாலான ஒப்பந்தங்களின் நிலை. விஷன் காப்பீட்டுக்குச் சொல்லுங்கள். அவர்களே டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிடுவார்கள். மூவரையும் ஒரே அழைப்பில் இணைக்கச் சொல்லவும் செய்யலாம். என் ஒன்பதாவது அழைப்பு அப்படி நடந்தது; எட்டு அழைப்பில் முடியாதது பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

காப்பீடே மறுத்தால் மேல்முறையீடு. வேலை வழியாக வரும் திட்டங்களில் மறுப்புக் கடிதத்திலிருந்து பொதுவாக 180 நாள் அவகாசம். மறுப்புக் கடிதம், ஈ.ஓ.பி., பரிசோதனைக் குறிப்பு, திட்டப் புத்தகத்தில் உங்களுக்குச் சாதகமான பக்கம் ஆகியவற்றை இணையுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு அனுப்புங்கள். படிப்பவருக்கு அன்று எழுபது கோப்புகள் இருக்கும்.

கிரெடிட் கார்டில் தவறான தொகை ஏறியிருந்தால், அந்த ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். விஷனுக்குக் கிளெய்ம் போகவில்லை என்று எனக்கு உறைப்பதற்குள் அந்தக் கெடு தாண்டிவிட்டது.

8. யாருமே கேட்காவிட்டால்

சீட்டுத் தர மறுத்தால் எஃப்.டி.சி.யின் இணையதளத்தில் புகார். காப்பீட்டுக் கம்பெனியோடு தகராறு என்றால் உங்கள் மாநிலக் காப்பீட்டுத் துறை. ஆனால் பெரிய கம்பெனிகள் பலவும் தாங்களே பணம் போட்டுத் திட்டத்தை நடத்துகின்றன. அட்டையில் காப்பீட்டுக் கம்பெனி பெயர் இருந்தாலும் அது வெறும் நிர்வாகிதான். அப்படியானால் மாநிலத் துறைக்கு அதிகாரம் இல்லை, மத்தியத் தொழிலாளர் துறையில் வேலை வழித் திட்டங்களைக் கவனிக்கும் எப்சா பிரிவுக்குப் போக வேண்டும். எந்த வகை என்று உங்கள் எச்.ஆர். ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

9. கலெக்ஷனுக்கு அனுப்புவோம் என்றால்

பயமுறுத்தல் கடிதம் வந்தால் ‘இந்தத் தொகையை மறுக்கிறேன்’ என்று எழுத்தில் பதில் போட்டு, தகராறு முடியும் வரை கணக்கை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். வசூல் நிறுவனத்துக்கே போய்விட்டால், அவர்களுடைய முதல் அறிவிப்பு கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால் கடனை நிரூபிக்கும் வரை வசூலை நிறுத்த வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு கிரெடிட் ஸ்கோர் பற்றிய பயம்தான் பெரியது. மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் 2023 ஏப்ரல் முதல் 500 டாலருக்குக் குறைவான மருத்துவ வசூல் பாக்கியை அறிக்கையில் காட்டுவதில்லை. லென்ஸ் பில் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் மருத்துவச் செலவைக் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டால் அது வெறும் கார்டு கடன். இந்தச் சலுகை பொருந்தாது.

என் காசோலை பிப்ரவரியில் வந்தது. 212, 120 இரண்டையும் கூட்டி, 70 கழித்து, 262. கூடவே வந்த தாளில் விளக்கம் எதுவும் இல்லை, ‘கணக்குச் சரிசெய்தல்’ என்று மட்டும் இருந்தது. அந்த 120ஐ எஃப்.எஸ்.ஏ. கார்டில் கட்டியிருந்தேன், அதனால் திரும்ப வந்ததில் 60 டாலரை அந்தக் கணக்குக்கே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது.